முதலில் உங்கள் கையெழுத்தைக் காட்டுங்கள்

கடல் சுற்றுலாவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிகளுக்குக் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். டைட்டன் கதையை உங்களுக்கு ஆதியிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. 2023 ஜூன் 18 அன்று, கடலடியில் கிடக்கும் டைட்டானிக் கப்பலைப் பார்க்க டைட்டன் என்ற நீர்மூழ்கிக் கலத்தில் இறங்கிய ஐந்து பேர் திரும்பி வரவில்லை. நான்கு நாள் ஊர் உலகமெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து, உள்ளே ஆக்சிஜன் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கணக்குப் போட்டது. நீங்களும் போட்டிருப்பீர்கள். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2025 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்து, இது தடுத்திருக்கக்கூடிய சாவு என்று எழுதிவிட்டது. இத்தனைக்கும் பிறகு, ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் கலம் நம் கரைக்கும் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியிருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

பேச்சு எனக்கு எப்படி எட்டியது என்று சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் வெளிநாட்டு டூர் ஏற்பாடு செய்யும் ஒரு கடைக்கு அக்கா மகன் என்னைக் கூட்டிப்போனான். கல்யாணமான புதிது. எகிப்துக்குப் போய்ச் செங்கடலில் நீர்மூழ்கிக்குள் உட்கார்ந்து மீன் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. நான் காலமெல்லாம் படகு என்ஜினோடு மல்லுக்கட்டியவன் என்பதால், "மாமா, கேக்க வேண்டியதை நீங்க கேளுங்க" என்றான்.

முன்பணம் கட்டும் முன்னால் நாலு பக்கத் தாள் ஒன்றை நீட்டினார்கள். முழுக்க இங்கிலீஷ், கண்ணாடி போட்டும் படிக்க முடியாத பொடி எழுத்து. கையெழுத்து போட வேண்டிய இடங்களில் மட்டும் பென்சிலால் பெரிதாகப் பெருக்கல் குறி. காயம், ஊனம், மரணம், எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பில்லை. எங்கள் வாரிசுகளும் வழக்குப் போட மாட்டார்கள். அவன் மனைவி அந்த வாரிசு வரியில் விரலை வைத்துக்கொண்டு, "இன்னும் பொறக்காத பிள்ளைக்கும் சேத்து நாமளே எழுதிக் கொடுக்கணுமா?" என்று கேட்டாள். கடைக்காரப் பையன் சிரித்தான். "எல்லாரும் போடுறதுதான் மேடம்."

சரி, நான் கேட்டேன். இந்தக் கலம் எத்தனை மீட்டர் வரை தாங்கும், அதைச் சோதித்தது யார், கடைசியாகச் சோதித்தது எப்போது, உள்ளே தண்ணீர் புகுந்தால் எந்தப் பக்கம் வெளியே வருவது? அவன் போனை எடுத்து, மஞ்சள் மீன்கள் கண்ணாடியைக் கொத்துகிற வீடியோவைக் காட்டினான். அப்புறம் ஒரு ரகசியம் சொல்வதுபோல, "கொஞ்சம் பொறுங்க சார், நம்ம பாண்டிக்கே இது வரப்போகுது" என்றான்.

அந்தச் செங்கடலில்தான், ஹுர்கதா என்ற ஊரில், 2025 மார்ச் 27 அன்று சுற்றுலா நீர்மூழ்கி ஒன்று மூழ்கி ஆறு ரஷ்யர்கள் செத்தார்கள். அது டைட்டன் போல ஆயிரக்கணக்கான மீட்டர் இறங்குகிற கலம் இல்லை. இருபது, இருபத்தைந்து மீட்டருக்குப் போய் வருவது. கரையும் பக்கம்தான். ஆழம் குறைவு, ஆபத்தும் குறைவு என்று உங்களிடம் யாராவது கோப்பு நீட்டினால் தயவுசெய்து இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். பயணியிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், கலத்தைச் சோதித்தவரின் கையெழுத்தைப் பயணிக்குக் காட்ட வேண்டும். தனிச் சோதனை நிறுவனம் கொடுத்த சான்று, அனுமதித்த ஆழம், கடைசியாகச் சோதித்த தேதி, இவற்றைத் தமிழில், டிக்கெட் கவுண்டரில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் ஒட்டுங்கள். அது இல்லாத கலத்துக்கு ஒரு டிக்கெட்கூட விற்க விடாதீர்கள்.

சான்று வெறும் காகிதம்தானே என்று யாராவது சொல்வார்கள். டைட்டனை நடத்திய ஓஷன்கேட் முதலாளி ஸ்டாக்டன் ரஷ் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். புதுமைக்கு விதிமுறைகள் தடை என்பது அவர் கட்சி. அந்தக் கலம் நொறுங்கியபோது அவரும் அதற்குள்ளேயே செத்துப்போனார். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் நம் தலைக்கு மேலிருக்கும் காற்று மண்டலம் முழுவதின் எடை இன்னொரு மடங்கு கூடுகிறது. டைட்டானிக் கிடக்கிற 3,800 மீட்டரில், விரல் நகம் அளவு இடத்தில் 380 கிலோவுக்கு மேல் அமுக்கும். அதைத் தாங்க டைட்டானியமோ தடித்த எஃகோ என்றுதான் உலகம் பழகியிருந்தது. ஓஷன்கேட்காரர்கள் கார்பன் ஃபைபர் என்ற கரிநூலைச் சுற்றிக் குழாயாக்கினார்கள். இழுத்தால் அது கெட்டி. திரும்பத் திரும்ப அமுக்கினால் அடுக்கு அடுக்காக விட்டுப்போகும். அதைச் சொன்ன டேவிட் லாக்ரிட்ஜ் என்ற அதிகாரியை 2018-இல் வேலையை விட்டு நீக்கினார்கள். அதே ஆண்டு இத்துறை நிபுணர்கள் முப்பத்தெட்டுப் பேர், சோதனை இல்லாமல் போகாதீர்கள் என்று கடிதம் எழுதினார்கள். அதுவும் குப்பைக்குப் போனது.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. 2022 ஜூலையில், ஆழத்திலிருந்து மேலே வரும்போது டைட்டனில் டமார் என்று ஒரு பெரிய சத்தம். கலத்தின் உடம்பில் ஒட்டியிருந்த கருவிகள் காட்டிய அளவும் அன்றிலிருந்து மாறியது, பதிவும் இருந்தது. பிரித்துப் பார்த்தார்களா? இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கனடாவில் திறந்தவெளியில் பனியில் நிறுத்தி வைத்துவிட்டு, மறு வருடம் ஆளேற்றினார்கள். என்ஜினில் புதுசாக ஒரு தட்டல் சத்தம் கேட்டு, ஹெட்டைக் கழற்றாமல் லாஞ்சை மறுநாள் கடலுக்கு அனுப்பினால், முதுநகரில் அப்புறம் ஒருத்தரும் என்னிடம் வேலை கொடுக்க மாட்டார்கள்.

இன்னொரு சாமர்த்தியமும் இருந்தது. தலைக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வாங்கிக்கொண்டு, வந்தவர்களைப் பயணிகள் என்று சொல்லாமல் 'மிஷன் ஸ்பெஷலிஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். பயணி என்றால் சட்டம் வரும். ஸ்பெஷலிஸ்ட் என்றால் வராது! நம்மூரில் என்ன பெயர் வைப்பார்களோ, 'ஆழ்கடல் ஆர்வலர்' நன்றாக இருக்கும். இதையே எங்கள் மீனவர் செய்தால் விடுவீர்களா? படகில் பதிவு எண் அழிந்திருந்தால் நிறுத்துகிறீர்கள், அடையாள அட்டை இல்லை என்றால் திருப்பி அனுப்புகிறீர்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகைக் கரையிலேயே கட்டிப்போடச் சொல்கிறீர்கள். தப்பு என்று சொல்லவில்லை. பிழைப்புக்குப் போகிறவனுக்கு இருக்கிற விதியில் பாதியாவது வேடிக்கை காட்டிக் காசு பார்க்கிறவனுக்கும் இருக்கட்டும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

முறையாகச் செய்வது எப்படி என்று தெரிந்துகொள்ள நீங்கள் வெளிநாடு போக வேண்டாம். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தில் கேளுங்கள். மூன்று பேரை 6,000 மீட்டருக்கு இறக்க 'மத்ஸ்யா 6000' கட்டுகிறார்கள். ஆட்கள் உட்காரும் உருண்டை 80 மில்லிமீட்டர் டைட்டானியம். ஆனால் அவர்கள் எடுத்த எடுப்பில் ஆழத்துக்கு ஓடவில்லை. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில், சில மீட்டர் தண்ணீரில் இறக்கி இறக்கிப் பார்த்தார்கள். அரசாங்க விஞ்ஞானிக்கு அந்தப் பொறுமை இருக்கிறது, டூர் கம்பெனிக்கும் இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் கடலையும் கொஞ்சம் பாருங்கள். வடகிழக்குப் பருவத்தில் தென்பெண்ணையும் கெடிலமும் சேற்றைக் கொண்டுவந்து கொட்டினால் கை நீட்டிய தூரம் தெரியாது. யார் எந்த மீனைப் பார்ப்பது? புயல் வேறு. 2011 தானே, 2024 ஃபெஞ்சல் இரண்டும் இந்தப் பக்கம்தான் கரையேறின. கீழே மாட்டிக்கொண்டால் மீட்பவர் யார்? கடற்படையின் ஆழ்கடல் மீட்புக் கலங்கள் மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் இருக்கின்றன. அவையும் போர் நீர்மூழ்கியின் வாயில் பொருந்தும்படி செய்தவை. எவனோ ஒருவன் வாங்கிவந்த கலத்தின் மூடியில் பொருந்துமா என்று அனுமதி கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஊர் பெயர் கொண்ட பழைய கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். கடலூரைப் புதுச்சேரிக் கடலில் இறக்கி அருங்காட்சியகம் ஆக்குவதாக முன்பு ஒரு பேச்சு ஓடியது. ஆளில்லாமல் மூழ்கும் கப்பல் மேல் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

சுற்றுலா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நம்பி எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிறது. கலம் வந்தால் வரட்டும். வருவதற்கு முன்னால் சான்று, ஆழ எல்லை, சோதித்த தேதி, இவற்றோடு மீட்புக்கு யார் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்பதையும் கவுண்டரில் தமிழில் ஒட்டச் சொல்லி ஓர் உத்தரவு போடுங்கள். அதற்குப் பெரிய செலவில்லை. இதே மனுவைத் திங்கட்கிழமை குறைதீர் நாள் கூட்டத்திலும் கொடுக்கப்போகிறேன். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடாமல், யார் மேசையில் இருக்கிறது என்பதையும் எழுதி அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற படகு என்ஜின் மெக்கானிக்,
கடலூர் முதுநகர்