பெற்றோருக்குக் கடிதம்: இரண்டாம் பருவமும் வகுப்பின் இணையப் பக்கமும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் உங்கள் கைக்கு வந்திருக்கும். விளையாட்டு விழா நல்லபடியாக நடந்தது. அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பொங்கல் விழாவும் சிறப்பாக முடிந்தது. எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், ஆறாம் வகுப்பின் இணையப் பாடப் பக்கம் பற்றி ஒரு விஷயம்.

விழாப் படங்களை அங்கேயே பார்க்க முடிந்தால் நன்றாயிருக்கும் என்று உங்களில் பலர் கேட்டீர்கள். அதனால் மூடுல் என்ற இணையக் கற்றல் தளத்தில் உள்ள அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டி வைத்தோம். பள்ளிப் பெயரை ஹேஷ்டேக்காகப் போட்டு யார் இன்ஸ்டாகிராமில் எழுதினாலும் அது தானாக வந்து நிற்கும். முதலில் கோலமும் கபடியும்தான் வந்தன. போன வாரம் நீர்ச் சுழற்சிப் பாடத்துக்குப் பக்கத்தில் வேன் கட்டணத்தைத் திட்டி ஒரு பதிவு. அதற்குக் கீழே ஒரு மாணவியின் மதிப்பெண் அட்டை, பெயரோடு. போட்டது அவளுடைய பெற்றோர் அல்ல.

பெட்டி நம் பக்கத்தில் தெரிந்தாலும் உள்ளே வருவது நம் கையில் இல்லை. மூலப் பதிவை ஆசிரியரால் அழிக்கவும் முடியாது. பக்கத்தைத் திறக்கிற பிள்ளையின் கருவி பற்றிய விவரமும் வெளி நிறுவனங்களுக்குப் போகிறது. இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கவே 13 வயது ஆக வேண்டும். நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 11 தான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலும் கேட்கிறது. பெட்டியை எடுத்துவிட்டோம். மறுபடி வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

ஒன்றைக் கறாராகவே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் பிள்ளையின் படத்தையோ மதிப்பெண்ணையோ கேட்காமல் பொதுவில் போடுவதைப் பள்ளி பொறுத்துக்கொள்ளாது. அப்படிப் போட்டிருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நேரில் அழைத்துப் பேச வேண்டியிருக்கும்.

வேன் கட்டணத்தில் உங்களுக்குக் குறை இருக்கலாம், அதில் நியாயமும் இருக்கலாம். மாலை 4 மணிக்கு மேல் அலுவலகத்தில்தான் இருப்பேன், வாருங்கள், பேசலாம். இன்ஸ்டாகிராமில் எழுதினால் என் கண்ணில் படாது; இந்தப் பதிவையே என் மகள்தான் திறந்து காட்டினாள்.

இனி படங்களை வகுப்பாசிரியரே தேர்ந்தெடுத்து, கடவுச்சொல் போட்டு நுழைபவர்களுக்கு மட்டும் தெரியும்படி ஏற்றுவார். இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில், தங்கள் பிள்ளையின் படம் வரலாமா வேண்டாமா என்று குறித்து, கையெழுத்திட்டு, டைரியில் வைத்து அனுப்புங்கள். வேண்டாம் என்றால் காரணம் எழுதத் தேவையில்லை.

அந்த மதிப்பெண் அட்டையைப் பார்த்ததும் வாட்ஸ்அப் குழுவில் பரப்பாமல் நேரே வகுப்பாசிரியரிடம் சொன்ன அம்மாவுக்கு நன்றி. பொங்கலுக்குக் கரும்புக் கட்டுகளை இறக்கித் தந்த பெற்றோருக்கும் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்