போயத்தியஸை எந்த மொழிபெயர்ப்பில் படிப்பது?

அன்புள்ள ராகவா,

நலம், நலமறிய ஆவல். போயத்தியஸின் 'தத்துவத்தின் ஆறுதல்' நூலை இணையத்தில் இலவசமாக எடுத்து, பாட்டு வந்த இடத்தையெல்லாம் தாண்டிப் படிப்பதாக எழுதியிருந்தாய். தாண்டாதே.

ஆளின் கதை உனக்குத் தெரியும். 510இல் ரோமின் உயர்பதவியான கான்சல், 522இல் இரண்டு மகன்களும் ஒன்றாகக் கான்சல்கள், அப்போது இத்தாலியை ஆண்ட கோத் மன்னன் தியோடெரிக்கிடம் உயர்ந்த பதவி. ஆல்பினஸ் என்ற செனட்டருக்காகப் பேசப்போய் ராஜத்துரோகப் பழி தன் தலையிலேயே விழுந்தது. இத்தாலியின் பாவியாவில் சிறையிருப்பு, 524 வாக்கில் மரண தண்டனை.

சிறையில் இலத்தீனில் எழுதிய இந்த நூலில் 5 புத்தகங்கள். 39 பாட்டு, 39 உரைநடைப் பகுதி. நம்மவர்கள் சொல்லும் உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்தான். புலம்பல் பாட்டில் தொடங்கி உரைநடையில் முடிகிறது. மூன்றாம் புத்தகத்தில் 12 பாட்டு, ஐந்தாவதில் வெறும் 5. தத்துவமே ஒரு பெண்ணாக, சிறையில் வாடும் போயத்தியஸுக்கு மருத்துவம் பார்க்க வந்தவளாகப் பேசுகிறாள்: முதலில் மென்மையான மருந்து, தாங்கும் பலம் வந்தபின் கடுமையானது. நோயாளி தேறத் தேறப் பாட்டு குறைந்து வாதம் நீள்கிறது. பாட்டை விட்டுவிட்டால் இந்தச் சிகிச்சையே கண்ணில் படாது.

மொழிபெயர்த்தவர்கள் பலரும் இடறியது இங்கேதான். 1300ஐ ஒட்டி ழான் த மங் பிரெஞ்சில் எல்லாவற்றையும் உரைநடையாக்கினார். 1380களில் கவிஞர் சாசரும் ஆங்கிலத்தில் அதையே செய்தார். போதாக்குறைக்கு இந்நூலுக்கு உரை எழுதிய நிக்கலஸ் டிரெவெட்டின் விளக்கங்களையும் நடுநடுவே கலந்துவிட்டார். மூலம் எது, உரை எது என்று இலத்தீனைப் பக்கத்தில் வைத்தால்தான் பிரிக்க முடியும். ஆல்ஃபிரட் அரசர் பெயரில் வழங்கும் பழைய ஆங்கில ஆக்கம் இன்னும் துணிச்சல்: ரோமானிய ஃபாப்ரிசியஸின் எலும்புகள் எங்கே என்று மூலம் கேட்க, அது ஜெர்மானியக் கதைகளின் கொல்லன் வேலண்டின் எலும்புகளைத் தேடுகிறது. அதிலும் ஒரு வடிவம் முழு உரைநடை. இன்னொன்றில் பாட்டுகள் பாட்டாகவே உண்டு. அந்தச் சுவடி 1731 காட்டன் நூலகத் தீயில் கருகியது. 1593இல் எலிசபெத் ராணி செய்ததை ஆர்வத்துக்குப் புரட்டலாம், அவ்வளவுதான். அவசரம் வரிக்கு வரி தெரிகிறது.

உன்னிடம் இருப்பது எச். ஆர். ஜேம்ஸின் 1897 ஆங்கில மொழிபெயர்ப்பாக இருக்கும். பாட்டுகளுக்கு மேலே இருக்கும் தலைப்புகள் அவர் வைத்தவை, மூலத்தில் கிடையாது. எதுகைக்காக வளைத்த வரிகளும் நிறைய. முதல் வாசிப்புக்கு வாட்ஸ் (1969) அல்லது வால்ஷ் (1999) போதும். சரிபார்க்க, எதிர்ப்பக்கத்தில் இலத்தீன் உள்ள டெஸ்டரின் லோப் பதிப்பு, 1973.

வாங்குமுன் மூன்றாம் புத்தகத்தின் ஒன்பதாம் பாட்டைத் திறந்து பார். உலகப் படைப்பைப் பேசும் பிளேட்டோவின் 'திமேயஸ்' உரையாடல் 28 அடியில் பிரார்த்தனையாகச் சுருங்கி நிற்கும். 21 அடிவரை இறைவனை விளிப்பதும் அவன் செயல்களைச் சொல்வதும்தான்; 22ஆம் அடியில்தான் 'தந்தையே, அருள்வாய்' என்று கேட்கிறது. அந்த ஏற்றத்தைத் துண்டு துண்டான வாக்கியங்களாக நறுக்கியிருந்தால் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடு.

ஐந்தாம் புத்தகத்தில் கடவுளின் முன்னறிவும் மனிதனின் விருப்பமும் மோதும் இடத்துக்கு வந்ததும் எழுது.

அன்புடன்,
மணி