திருப்பணி நிறைவு அறிக்கை: கிளினிக் இருந்த காணியில் பிள்ளையார்

அங்கத்தவர்களுக்கும் மெய்யடியார்களுக்கும் வணக்கம்.

பிள்ளையார் அருளால் கும்பாபிசேகம் முடிந்து மண்டலாபிசேகமும் நிறைவுற்றது. கணக்காய்வாளர் ஒப்பமிட்ட வரவுசெலவுக் கணக்கை வாசலில் ஒட்டியிருக்கிறோம். கூட்டங்களில் நீங்கள் அதிகம் கேட்டது காசைப் பற்றியல்ல, காணியைப் பற்றி. அதனால் அதையே இங்கே விரிவாக எழுதுகிறோம்.

கிளினிக் மூடப்பட்டதும் அதை நடத்திய சுகாதார அறக்கட்டளை (என்.எச்.எஸ். டிரஸ்ட் என்ற அரச சுகாதார அமைப்பு) அதை மேலதிகக் காணி, அதாவது தனக்கு இனித் தேவையில்லாத காணி என்று அறிவித்தது. இங்கிலாந்தில் அப்படி அறிவித்த உடனே காணி சந்தைக்கு வராது. அரச பதிவேட்டில் 40 வேலைநாள் இருக்கவேண்டும். அதற்குள் வேறு அரச அமைப்பு கேட்டால் அதற்கே முதலிடம். முன்பு அரசு கட்டாயமாகச் சுவீகரித்த காணியாக இருந்தால், பழைய சொந்தக்காரரையோ வாரிசையோ முதலில் கேட்கவேண்டும். சொலிசிட்டர் பழைய காணி உறுதிகளை எல்லாம் கிளறி, அந்தச் சிக்கல் இல்லை என்று சொன்ன பிறகுதான் விலை போட்டோம். பொதுச்சொத்தை நல்ல விலைக்கே விற்கவேண்டும் என்பதால் கோயிலுக்கென்று சலுகை கிடைக்கவில்லை. அது சரிதான்.

பிறகு கவுன்சில் அனுமதி. 2020 செப்டம்பர் 1க்கு முன்பு கிளினிக்கும் வழிபாட்டிடமும் 'டி1' என்ற ஒரே பாவனை வகுப்பு (கட்டடத்தை எதற்குப் பாவிக்கலாம் என்ற வகை). இப்போது கிளினிக் 'ஈ', வழிபாட்டிடம் 'எஃப்1'. ஆகவே தனி விண்ணப்பம், வாகனத் தரிப்பிடம் பற்றி, நாதஸ்வரச் சத்தம் பற்றி அயலவரோடு பல சந்திப்புகள். பொறுமையாகக் கேட்ட அயலவருக்கு நன்றி.

வேலை பிந்தியதற்குக் காரணம் அஸ்பெஸ்டோஸ், பழைய கட்டடப் பொருள்களில் இருக்கும், நுரையீரலைக் கெடுக்கும் நார். பிரித்தானியாவில் அதை முற்றாகத் தடைசெய்தது 1999இல்தான். எங்கள் கட்டடம் அதற்கு மிக முந்தியது. முதலில் பார்த்த மதிப்பீட்டாளர் தரை ஓடுகளுக்குக் கீழே இருந்த கறுப்புப் பசையைச் சோதிக்கவில்லை. உரிமம் பெற்றவர்களைக் கொண்டு அகற்றும்வரை கர்ப்பக்கிருக வேலை நின்றது.

நடைபாதைச் சுவரில் குழந்தைகளின் உயரம் அளக்க அடி, அங்குலக் கோடுகள் வரைந்திருந்தன. வெள்ளையடிக்க வந்தவரைத் தடுத்து, அந்த ஒரு முழ அகலத்தை அப்படியே விட்டுக் கண்ணாடி போட்டோம். கும்பாபிசேகத்தன்று ஒரு தாய் தன் மகனை அதில் சாய்த்து நிறுத்திப் பார்த்தார். சிறுவயதில் அவரையும் அங்கேதான் அளந்தார்களாம்.

இனி, பொதுக்கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஒரு தாதி அக்கா கேட்ட கேள்வி. "நாங்கள் வேலைசெய்த இடத்தை நாங்களே வாங்கினால், எங்கட பிள்ளைகள் ஊசி போட எங்க போறது தம்பி?" அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. மேலதிகக் காணிகளை விற்று 200 கோடி பவுண்ஸ் திரட்டுவது, 26,000 வீடுகளுக்கு நிலம் விடுவிப்பது என்ற அரச இலக்கை முன்வைத்து, அரசுக்காகச் சுகாதாரச் சேவையின் காணி, கட்டடங்களை ஆராய்ந்த சேர் ரொபேர்ட் நெய்லரின் அறிக்கை 2017இல் வந்தது. விற்ற காசு மறுபடி சுகாதாரத்துக்கே முதலாக வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் 2014-15 முதல் 2018-19 வரை கட்டடத்துக்கும் கருவிக்கும் ஒதுக்கிய மூலதனத்திலிருந்தே 430 கோடி பவுண்ஸ் அன்றாடச் செலவுக்கு மாற்றப்பட்டது. விதைநெல்லைக் குத்திச் சமைப்பது போன்றது அது. விற்ற காணி திரும்பி வராது.

இதை யோசித்தே சபை இரண்டு முடிவுகள் எடுத்தது. பின்னாளில் இங்கே வீடு கட்ட அனுமதி பெற்றுக் காணி விலை கூடினால், கூடியதில் ஒரு பங்கை விற்றவருக்குத் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை காணி உறுதியில் உள்ளது. சிலர் எதிர்த்தாலும் மனமுவந்து ஏற்றோம். இரண்டாவது, முன்பு ஊசி போட்ட முன்னறை சுகாதார வேலைக்கு மட்டுமே என்று எங்கள் யாப்பில் எழுதிவிட்டோம்.

அந்த அறையில் ஞாயிறு பூசைக்குப் பிறகு இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கிறோம். எல்லா மக்களும் வரலாம், அயலவருக்கும் சொல்லுங்கள். முதல் வாரம் தாதி அக்காவே வந்து இருந்தார். இன்னும் இரண்டு தாதிமார் தேவை. வாகனத் தரிப்பிட வடிகால் வேலை மட்டும் மிச்சம் இருக்கிறது.

திருப்பணிச் சபை