தாய்மார் கிளினிக்: கேட்கப்போகும் விடயங்கள்

வணக்கம் அக்காமார், தங்கச்சிமார்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார அமைப்பு இலங்கைக்குச் சான்று தந்தது. சந்தோஷம்தான். ஆனால் பிள்ளைக்குத் தொற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்ததும் எச்.ஐ.வி உள்ள சில தாய்மார் கிளினிக் பக்கமே வருவதில்லை. எச்.ஐ.வியைக் கட்டுப்படுத்தும் குளிசை அவர்களுக்கு வாழ்நாள் முழுக்கத் தேவை.

கைக்குழந்தையோடு மட்டக்குளியிலிருந்து பஸ் மாறி வருபவரைத் தனக்கொரு நாள், பிள்ளைக்கொரு நாள் என்று அலைக்கழித்தால் எப்படி வருவார்? இருவருக்கும் ஒரே திகதி, நிலைமை சீராக உள்ளவர்களுக்கு மூன்று மாதக் குளிசை, தமிழில் பேச ஒருவர்: இவற்றைக் கொழும்புக் கூட்டத்தில் கேட்போம்.

திகதி தவறியவருக்குப் போன் எடுக்கும்போது வேறு யாரும் பேசினால், "தங்கச்சி நிற்கிறாவா?" என்று மட்டும் கேளுங்கள். கிளினிக் பேச்சே வேண்டாம்.

அப்புறம், யாருடைய பெயரையும் கிளினிக் கொப்பிப் படத்தையும் இங்கே போடாதீர்கள்.