எம் சைஸ் தீர்ந்துபோனால்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ நேரத்துக்குத் தூங்கு.

பிக் டேட்டாவை வைத்து, எந்த உடை எத்தனை விற்கும் என்று முன்கூட்டியே கணிக்கிற வேலை என்றாய். பிக் டேட்டா என்றால் என்ன என்று தம்பியிடம் கேட்டேன். கடை பில், திரும்பி வந்த துணி, ஆட்கள் போனில் பார்த்துவிட்டு வாங்காமல் விட்டது, எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்களாம். பெருமையாகத்தான் இருந்தது. உன் வாயால் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

2018-ல் எச் அண்ட் எம் என்கிற பெரிய துணிக் கம்பெனியில் 430 கோடி டாலர் சரக்கு தேங்கிக் கிடந்ததாம். அவ்வளவையும் யாரோ வெட்டி, தைத்து, பிசிறு நறுக்கி, அயர்ன் பண்ணி மடித்திருப்பார்கள். செக்கிங் டேபிளில் நின்றவளுக்கு வயிறு எரியாதா? அதைக் குறைக்கிற வேலை என்றால் நல்ல வேலைதான்.

ஒன்று மட்டும் கேள். கடையில் எம் சைஸ் செவ்வாயோடு தீர்ந்துவிட்டால் புதனிலிருந்து அதன் விற்பனை பூஜ்யம். கம்ப்யூட்டர் அதை 'யாருக்கும் வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டால் அடுத்த ஆர்டரில் எம் குறையும். அப்புறம் இன்னும் சீக்கிரம் தீரும். விற்றதோடு, அன்றைக்கு ரேக்கில் எத்தனை இருந்தது என்பதையும் சேர்த்துப் பார். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன்.

ரிட்டர்னும் அப்படித்தான். 'சைஸ் சரியில்லை' என்று டிக் அடித்துவிடுவார்கள். சைஸ் சரியாகத்தான் இருக்கும். கைவளைவைக் கீழே இறக்கி வெட்டியிருப்பார்கள், கையைத் தூக்கினால் மொத்தச் சட்டையும் கூடவே ஏறும். அதை எழுத அங்கே ஏது இடம்? திரும்பி வந்ததில் நாலைந்தை வரவழைத்துக் கையிலெடுத்துப் பார். திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே. நேரத்துக்குத் தூங்கு. முன்பே சொல்லிவிட்டேனோ?

பெரியம்மா உன்னை விசாரித்தாள். வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன். அந்த விஷயத்தை நான் கேட்கப்போவதில்லை, அப்பாவும் கேட்க மாட்டார். அவளிடமும் சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிற பெண் நீ. போன் வரவில்லையென்றால் ஒன்றுமில்லை என்றுதான் அர்த்தம் என்கிறார் அப்பா. துணிக்கடைக் கணக்கே அப்படி இல்லை என்றேன், அவருக்குப் புரியவில்லை.

ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு. போன் என் பக்கத்தில்தான் இருக்கும், அவர் எழுந்திருக்க மாட்டார்.

அன்புடன்,
அம்மா