கேட்டவர்களுக்கும் ஒரு கதிரை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒலிநூல் கேட்பவர்களை வாசகர் வட்டத்தில் சேர்ப்பது வீண் வேலை என்று சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒருவர் எழுதியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பது வாசிப்பாகாதாம். நான் அப்படிக் கேட்ட ஆள்தான். கண்புரைச் சத்திரசிகிச்சை முடிந்து புதுக் கண்ணாடி வரும்வரை ஐந்தாறு கிழமைக்கு எழுத்து எதுவும் பிடிபடவில்லை. கனடாவில் இருக்கும் பேரன் வீடியோவில் வந்து, கைத்தொலைபேசியில் ஒலிநூலைப் போடச் சொல்லித் தந்தான்.

எங்கள் வட்டம் மாதம் ஒருமுறை வெள்ளவத்தையில், மரைன் டிரைவ் பக்கத் தொடர்மாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் கூடும். ரயில் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு வடையில் கை வைப்போம். அந்த மாதத்துப் புத்தகம் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் ஆங்கிலத்தில் எழுதிய எர்த்சீ வரிசையின் முதல் நாவல். தீவுக் கூட்டம், மந்திரவாதி, அவனைத் துரத்தும் நிழல். மாயாஜாலக் கதை சின்னப் பிள்ளைகளுக்கு என்று முதலில் முகம் சுளித்தவர்களில் நானும் ஒருத்தி. சரி, அது வேறு கதை.

அந்த நாவலில் ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதை ஆள முடியும். அப்படிப்பட்ட கதையில் நாயகனின் பெயரிலேயே எங்களுக்குள் சண்டை வந்தது. அச்சில் Ged என்று படித்தவர்கள் எல்லாரும் 'ஜெட்' என்றார்கள். கேட்ட நாங்கள் மூன்று பேரும் 'கெட்' என்றோம். எழுதியவர் வைத்ததும் 'கெட்'தான். உச்சக்கட்டத்தில் அவனும் நிழலும் ஒரே நேரத்தில் உரக்கச் சொல்வதும் அந்த ஒரு சொல்லைத்தான். அந்த இடத்தை இரவு பதினொரு மணிக்கு இருட்டில் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதைப் போய் வாசிப்பில்லை என்கிறார் உங்கள் வாசகர்.

ஆனால் அடுத்த கேள்வியில் நாங்கள் மூவரும் மாட்டிக்கொண்டோம். அவன் படகில் எந்தத் திசையில் போனான்? எங்கள் மனதில் ஒரு தீவும் இடத்தில் இல்லை. புத்தகத்தில் வரைபடம் இருக்கிறதே என்று ஒரு தம்பி சிரித்தார். சிரித்தவரே பிறகு காலி வீதிக்குப் போய் அதை ஏ3 தாளில் பெருப்பித்து மூன்று பிரதி எடுத்து வந்தார். நாங்கள் பெயரைச் சொல்லிக் கொடுத்தோம், அவர்கள் வழியைக் காட்டினார்கள். கேட்டவர்களை வெளியே விட்டிருந்தால் அன்றைக்கு வடை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

ஒலிநூலில் எனக்கும் குறை உண்டு. நித்திரையாகிப் போனால் எங்கே விட்டோம் என்று தேடித் தேடியே அரை நாள் போகும். அதைவிடப் பெரிய குறை தமிழில். நான் கேட்ட ஈழத்துச் சிறுகதை ஒன்றில் அம்மம்மா 'வாங்கோ, இருங்கோ' என்பதை 'வாங்க, உட்காருங்க' என்று வாசித்துவிட்டார்கள். அம்மம்மா ஒரே நொடியில் சென்னைக்குப் போய்விட்டார். 1925இலேயே வானொலி தொடங்கிய ஊர் இது. நல்ல குரல்களுக்கா பஞ்சம்? உங்கள் ஞாயிறு இதழில் வரும் சிறுகதையை எழுதியவரையே வாசிக்கச் சொல்லிப் பதிந்து இணையத்தில் போட்டால் என்ன? முதல் ஆளாகக் கேட்க நான் இருக்கிறேன், இப்போது கண் நன்றாகத் தெரிந்தாலும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.