எலிவேட்டர் ஷாஃப்ட்டில் நிற்காத யூசிபி 208 பேரிங்குகள் குறித்த புகார்

அனுப்புநர்: உரிமையாளர், அரிசி ஆலை, காங்கேயம்.
பெறுநர்: விற்பனை மேலாளர், பேரிங் நிறுவனம், கோயம்புத்தூர்.
பொருள்: அளவு தவறிய பேரிங்குகளை மாற்றித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

எங்கள் ஆலையில் நெல் ஏற்றும் எலிவேட்டரின் மேல் ஷாஃப்ட்டுக்கு, உதிரி ஒன்றும் சேர்த்து, ஷாஃப்ட்டைத் தாங்கும் யூசிபி 208 பில்லோ பிளாக் (ஹவுசிங்கோடு கூடிய பேரிங்) மூன்றும், கீழ்ப்பக்கம் பெல்ட்டை இழுத்துப் பிடிக்க யூசிடி 208 டேக்-அப் யூனிட் இரண்டும் தங்களிடம் வாங்கியிருந்தோம். டேக்-அப் யூனிட்டுகளில் குறை ஏதுமில்லை.

பில்லோ பிளாக் மாட்டிய பதினோராம் நாள் இரவு புல்லிப் பக்கத்திலிருந்து கீச்சென்ற சத்தம் வரவே, ஓட்டத்தை நிறுத்திக் கழற்றிப் பார்த்தோம். உள்வளையம் ஷாஃப்ட்டைப் பிடிக்காமல் தனியே சுழன்றதில், உள்வளையத்தை ஷாஃப்ட்டோடு இறுக்கும் கிரப் ஸ்க்ரூவின் முனைகள் புது ஷாஃப்ட்டைச் சுற்றிப் பள்ளமாக வளையம் போட்டிருந்தன. தொட்டால் விரலில் கறுப்புத் தூள் ஒட்டியது.

தங்கள் பிரதிநிதி நேரில் வந்து பாராமலே, ஷாஃப்ட் நேர்கோட்டில் இல்லை, ஃபிட்டரின் தவறு என்று தொலைபேசியிலேயே முடித்துக்கொண்டார். பொருத்தும்போது நேரும் சிறு கோணலுக்கு ஏற்பத் தானே திரும்பி அமர வேண்டும் என்றுதானே இவ்வகைப் பேரிங்கின் வெளிவளையத்தை உருண்டையாகக் கடைந்து ஹவுசிங்குக்குள் வைக்கிறார்கள்?

சுழன்ற பேரிங் தேய்ந்திருக்கும் என்பதால் அதை விட்டுவிட்டு, பெட்டி பிரிக்காத உதிரியை லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்து அளந்தோம். துளை 40.09 மி.மீ. இருந்தது, ஷாஃப்ட்டோ பள்ளம் விழாத இடத்தில் 39.99. கடைசி இரண்டு இலக்கங்களை (08) ஐந்தால் பெருக்கினால் துளை அளவு, ஆக 208 என்றால் 40 மி.மீ. என்பது பேரிங் கடைப் பையனுக்கும் தெரியும். அதில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வரை கூடினால் பொறுத்துக்கொள்ளலாம், ஒன்பது பங்கு கூடினால் கிரப் ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது.

அன்றிரவு தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த நெல்லை உரிய நேரத்தில் மேலேற்ற முடியாமல் வாடை அடித்துவிட்டது. அந்த இழப்பை நான் கேட்கவில்லை. மூன்று பில்லோ பிளாக்குகளையும் மாற்றித் தந்து, ஷாஃப்ட்டை வெல்டிங் வைத்துக் கடைந்த செலவை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். அதுவரை பில்லின் நிலுவைத் தொகையை நிறுத்தி வைக்கிறோம். ட்ரையர் ப்ளோயரின் சூட்டைக் கருதி சி3 இடைவெளியுடன் (பேரிங்குக்குள் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான இடைவெளி) கேட்டிருந்த யூசிஎஃப் ஃபிளாஞ்ச் யூனிட்டுகளை, துளை அளந்த அறிக்கையோடு மட்டும் அனுப்பவும்.

இப்படிக்கு,
ஆலை உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், பட்டறையின் அளவுக் குறிப்பு, ஷாஃப்ட்டின் புகைப்படங்கள்.